ஆள்காட்டி

அல் நஹ்தா சிக்னலில் நிற்கும்போதே
ஆரம்பித்துவிட்டேன்:
பூவைப் பறிக்கக் கூடாது.
கிளையில் தொங்கக் கூடாது.
சிப்ஸ் கவர் கையோடு திரும்பி வர வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை
பின்னிருக்கையை நோக்கி ஆடியது
என் ஆள்காட்டி விரல்.

"அந்தப் புல்லு லாரியில வந்ததும்மா,"
என்றாள் பெனிலா.
"பாய் மாதிரி சுருட்டி வச்சிருந்தாங்க.
ஸ்கூல் பஸ்ல இருந்து நானே பார்த்தேன்.
அது எப்படி இயற்கை?"

சிக்னல் பச்சையானது. தப்பித்தேன்.

அவள் சொன்னது பொய்யில்லை.
ஷார்ஜாவில் எங்கள் பூங்காவில்
மரத்துக்கு மரம் ஒரு கறுப்புக் குழாய்,
வார்டில் நான் ஏற்றும் டிரிப் போல
சொட்டுச் சொட்டாய்.
பிடுங்கிவிட்டால் வேம்பும் தாங்காது.
(படுத்திருக்கும் நோயாளி முன்னால்
எப்படி நடப்போம், அப்படி நட
என்று சொல்லியிருக்கலாம்.
பிறகுதான் தோன்றியது.)

ஏப்ரல் வெயில் சாய்ந்து நாலரை மணி.
வேம்பின் கீழ் பாயை உதறினேன்.
தலைக்கு நேராக ஒரு பறவை
கத்திக்கொண்டு பாய்ந்தது.
சிவப்பு மூக்கு, நீள மஞ்சள் கால்.
திரும்பி வந்தது. திரும்பவும் கத்தியது.
மூன்று இரவு டியூட்டி முடித்த தலை எனக்கு.
துண்டைச் சுழற்றினேன். போகவில்லை.
தண்ணீர் பாட்டில் மூடியைத்
திருகி எடுத்து எறிந்தேன்.

"அம்மா, அசையாத."

அஜினுக்கு ஐந்து வயது,
எங்களைவிடத் தரைக்குப் பக்கத்தில் இருப்பவன்.

பாயின் ஓரத்துக்கும் என் செருப்புக்கும் நடுவே
நாலு கல்.
கல் இல்லை.
துரும்பு ஒன்றுகூட அடுக்காத வெறும் குழியில்
மண் நிறத்தில், கரும்புள்ளி போட்டு,
கூர்முனைகள் நடுவில் கூடி
நாலு முட்டை.

அரை அடி. அவ்வளவுதான் மிச்சம்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.
எங்கள் தக்கலைப் பக்கம்
அதற்கு ஆள்காட்டி என்று பெயர்.
ஆள் வந்தால் காட்டிக் கொடுக்கும்.
காட்டிக் கொடுத்தது.

ஆரஞ்சுக் கூம்பைத் தூக்கிக்கொண்டு
மூச்சிரைக்க ஓடி வந்தார் தோட்டக்காரர்.
சட்டைப் பையில் ரஃபீகுல் என்று தைத்திருந்தது.
காலையிலேயே வைத்தாராம்;
பையன்கள் எடுத்துப்போய்
கோல் போஸ்ட் ஆக்கிவிட்டார்களாம்.
எனக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டேன்.
அவருக்குத் தெரிந்த இந்தியில் பரவாயில்லை என்றார்.
பறவையைக் காட்டி, "ஹட்டிட்டி" என்றார்,
அவர் ஊர்ப் பெயர்.
அஜின் இரண்டு பெயரையும்
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான்.
சத்தம் வரவில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டு
கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம்.
பானெட் மேல் எலுமிச்சைச் சாதம்,
உருளைக்கிழங்கு, சூடான தகரத்தின் வாசனை.
ஈச்சமர வரிசைக்கு அப்பால்
பறவை எழுந்து குழாய் கசியும் இடத்துக்குப் போனது.
குடிக்கத்தான் என்று நினைத்தேன்.
வயிற்றை நனைத்துக்கொண்டது.
நடந்தே திரும்பி வந்து
ஈரத்தோடு முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"காய்ச்சலுக்கு நீ துணி நனைச்சுப் போடுவியே,"
என்றாள் பெனிலா.
புல்லைப் பற்றி அவளும் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
லாரியில் வந்ததென்று
அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புறப்படும் முன் தனியாகப் போய்த் தேடினேன்.
கூம்புக்கு இரண்டு எட்டு தள்ளிக் கிடந்தது
நீல மூடி.
குனிந்தபோது மறுபடி கத்தியது.
சரி, சரி என்று பின்வாங்கினேன்,
கைகளைத் தூக்கியபடி.

இரவு எங்கள் கட்டடத்து லாபியில்
பளிங்குத் தரையில்
காலை வைக்கும் முன் குனிந்து பார்க்கிறான் அஜின்,
ஒவ்வொரு அடிக்கும்.
லிஃப்ட் கதவைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்காரர்
பொறுமையிழக்கிறார்.

"இங்கெல்லாம் எதுவும் முட்டை வைக்காதுடா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்கிறான்.